அந்தக் கடைசிப் பாடத்தைப் பிரித்துக் கொடுங்கள்: புவியியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

உலகப் புவியியல் பாடநூல்களை எழுதுவோருக்கும் பாடத்திட்டம் வகுப்போருக்கும்,

வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புவியியல் கற்பித்து வருகிறேன். நூல்கள் மாறின, அட்டைகள் மாறின, படங்கள் வண்ணமாயின. உள்ளே இருக்கும் வரிசை மட்டும் மாறவில்லை. முதலில் இயற்கைப் புவியியல்: புவித்தட்டுகள், மலைகள், ஆறுகள், காற்றுகள். அடுத்துப் பண்பாட்டுப் புவியியல்: மக்கள்தொகை, மொழி, சமயம், தொழில், குடியிருப்பு. இரண்டும் முடிந்து நூலை மூடப் போகும் நேரத்தில் ‘இயற்கைப் பேரிடர்களும் மேலாண்மையும்’ என்று ஒரு பாடம். அதில் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்று இரண்டு பட்டியல்கள். தேர்வு நெருங்கிவிட்ட பதற்றத்தில் அதை ஒரே மூச்சில் நடத்தி முடிக்கிறோம். மேசைக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டும், மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிப் பிள்ளைகள் மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்.

அந்தக் கடைசிப் பாடத்தைப் பற்றித்தான் இந்த மடல். அதைத் தனிப் பாடமாக வைக்காதீர்கள். ஒவ்வொரு நிலப்பகுதியைப் பற்றிய பாடத்துக்குள்ளும் அதைப் பிரித்துக் கொடுங்கள்.

இப்படிக் கேட்கத் தோன்றியது ஒரு மாணவியால். நிலநடுக்கம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. அளவு கூடக்கூட அழிவும் கூடும் என்று பலகையில் எழுதியிருந்தேன். 2010-ஆம் ஆண்டின் இரண்டு நிலநடுக்கங்களைப் பற்றி எங்கோ படித்திருந்த அந்தப் பெண் எழுந்து நின்றாள். ஜனவரி 12 அன்று ஹைத்தியில் நேர்ந்ததன் அளவு 7.0. பிப்ரவரி 27 அன்று சிலியில் நேர்ந்ததன் அளவு 8.8. வெளியான ஆற்றலைக் கணக்கிட்டால் சிலியில் நேர்ந்தது ஏறக்குறைய 500 மடங்கு பெரிது. ஆனால் சிலியில் இறந்தவர்கள் சுமார் 525 பேர். ஹைத்தியில் இறந்தவர்களின் எண்ணிக்கையை இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மிகக் குறைந்த மதிப்பீடுகளே பல பத்தாயிரங்களைத் தொடுகின்றன. “அப்படியென்றால் பலகையில் இருப்பது தப்புதானே?” என்று கேட்டாள். அன்று அவளுக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. ஹைத்தியில் அதிர்ச்சி மையம் தலைநகருக்கு அருகே, அதிக ஆழமில்லாமல் இருந்தது, சிலியில் கடலுக்கு அடியில் இருந்தது என்று இயற்கைப் புவியியலுக்குள் நின்றே சொல்லிச் சமாளித்தேன். சொன்னதில் பொய் இல்லை. பாதிதான் சொன்னேன்.

மறுபாதி அந்த ஊர்களின் கட்டடங்களிலும் நினைவிலும் இருக்கிறது. சிலி மக்கள் நிலநடுக்கத்தோடு பழகியவர்கள். 1960 மே 22 அன்று வால்டிவியாவில் நேர்ந்த 9.5 அளவு நிலநடுக்கம்தான் கருவிகளில் பதிவானவற்றிலேயே மிகப் பெரியது. அதைக் கண்டவர்களும் அவர்கள் வாயிலாகக் கேட்டவர்களும் 2010-இல் உயிரோடு இருந்தார்கள். கட்டட விதிகள் கடுமையாக இருந்தன. அரசு தரப்பில் தவறு நடக்காமல் இல்லை. சுனாமி எச்சரிக்கையை அவசரப்பட்டு விலக்கிக்கொண்டார்கள், அலைகளில் உயிர்கள் போயின. ஆனாலும் கரையோர மக்கள் பலர் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காமல் மேட்டை நோக்கி நடந்துவிட்டிருந்தார்கள். ஹைத்தியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் 1770-க்குப் பிறகு அப்படி ஒரு பெரிய நடுக்கத்தைக் கண்டதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் என்றால் ஏழெட்டுத் தலைமுறை. அந்த மக்களின் நினைவில் இருந்த பேரிடர் சூறாவளிதான். காற்றுக்கு அசையாத கனமான காங்கிரீட் கூரைகளை, நல்ல கம்பியும் சிமெண்டும் வாங்க வழியில்லாமலேயே, தூண்கள் மேல் ஏற்றினார்கள். காற்றை எண்ணிக் கட்டிய கூரை, நிலம் ஆடியபோது தலைமேல் இறங்கியது.

இது வறுமையால் மட்டும் வந்த வினை என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. ஜப்பான் பணக்கார நாடு. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகர நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கும் பழைய மரவீடுகளின் தலையில் கனத்த ஓடுகள் இருந்தன. சூறாவளி தூக்கிக்கொண்டு போகாமல் இருப்பதற்காக வைத்த கனம் அது. ஹைத்தி இருக்கும் கரீபியன் கடலும் ஜப்பானும் உலகின் இரு கோடிகள். இரண்டு இடத்திலும் மனிதர்கள் ஒரு பகைக்குக் கவசம் செய்து, இன்னொரு பகையிடம் அதனாலேயே அடிபட்டார்கள். இந்த ஒற்றுமையை எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை. காலநிலை ஒரு பாடத்திலும், வீட்டு வகைகள் இன்னொரு பாடத்திலும், நிலநடுக்கம் வேறொன்றிலும் கிடந்தால் எப்படிச் சொல்ல முடியும்?

2004 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நூல்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது: சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் சரிந்தது, பல நாடுகளில் சுமார் 2,30,000 பேர் இறந்தார்கள். இருக்க வேண்டியதுதான். ஆனால் அதிர்ச்சி மையத்துக்கு மிக அருகில் கிடந்த நிலங்களில் ஒன்றான சிமெலுவே தீவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அங்கே அப்போது ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்தார்கள். நிலம் நடுங்கிப் பத்து நிமிடங்களுக்குள் தீவின் வடபகுதியை அலை அடைந்துவிட்டது. எந்தக் கருவியும், எந்த வானொலியும் அதற்குள் அவர்களை எட்டியிருக்க முடியாது. அங்கே இறந்தவர்கள் ஏழு பேர். கடலுக்கு அந்தப் பக்கம், அதே ஆச்சே மாநிலத்தின் பெருநிலத்தில், ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள்.

அந்தத் தீவைக் காத்தது ஒரு சொல். ‘ஸ்மோங்’ என்பது அவர்கள் மொழியில் அந்த அலைக்குப் பெயர். 1907-இல் தீவைச் சுனாமி தாக்கிப் பலரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதைக் கதையாக்கிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். தாலாட்டிலும் பாட்டிலும் சேர்த்தார்கள். நிலம் பலமாக ஆடினால், அதன்பின் கடல் வற்றினால், மீன் பொறுக்கப் போகாதே, மேட்டுக்கு ஓடு. இவ்வளவுதான் அந்த அறிவு. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் அந்த அலை திரும்பி வரவில்லை. சொல் மட்டும் வாய்விட்டு வாய் மாறி உயிரோடு இருந்தது. அன்று காலை ஒருவர் ‘ஸ்மோங்’ என்று கத்தியதும் ஊரே கேள்வி கேட்காமல் குன்றேறியது. தாய்லாந்தின் சுரின் தீவுகளில் கடலையே வீடாகக் கொண்ட மோக்கன் மக்களும் அப்படித்தான்: மனிதரை விழுங்கும் ‘லபூன்’ என்ற அலையைப் பற்றிய முன்னோர் கதை அவர்களிடம் இருந்தது. கடல் பின்வாங்கியதைக் கண்டதும் கதை நினைவுக்கு வந்தது.

இதை எந்தப் பாடத்தில் வைப்பீர்கள்? புவித்தட்டுப் பாடத்தில் வைத்தால் மொழி என்ன செய்தது என்று சொல்ல இடமில்லை. மொழிகள் பற்றிய பாடத்தில் வைத்தால் தட்டு எங்கே சரிகிறது என்று சொல்ல இடமில்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அங்கே வாழும் மக்களையும் அவர்கள் தொழிலையும் தெய்வத்தையும் பறையையும் அதே திணைக்குள் கருப்பொருளாகக் கண்ட மொழியில் நாம் எழுதுகிறோம். நிலத்தையும் மக்களையும் ஒரே மூச்சில் நினைப்பது நமக்குப் புதிதாகக் கற்க வேண்டிய ஒன்றில்லை.

சொல் காப்பாற்றியதைச் சொன்னேன். சொல் கைவிட்டதையும் சொல்ல வேண்டும். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கியது. 6,300 பேருக்கு மேல் இறந்தார்கள். மிகுதியாக அடிபட்டவற்றுள் ஒன்று தக்லோபான் நகரம். எச்சரிக்கை வராமல் இல்லை. வானிலையாளர்கள் முன்கூட்டியே சொன்னார்கள், தொலைக்காட்சியிலும் வந்தது. ஆனால் கடல் ஊருக்குள் ஏறி வரும் என்பதை ‘புயல் அலைப்பெருக்கு’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலக் கலைச்சொல்லால் சொன்னார்கள். காற்றும் மழையும் அந்த மக்களுக்குப் பழக்கம்; அந்தச் சொல் பழக்கமில்லை. ‘சுனாமி போல வரும்’ என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். அறிவியல் சரியாக இருந்தது. அதற்கும் கேட்பவர் காதுக்கும் நடுவே ஒரு சொல் குறுக்கே நின்றுவிட்டது. கலைச்சொல் பட்டியலைப் பாடத்தின் முடிவில் போடும் நீங்களும் அதை மனப்பாடம் செய்யச் சொல்லும் நானும் இதைப் பற்றி நிறைய யோசிக்க வேண்டும்.

மங்கோலிய மேய்ச்சல்காரர்களிடம் இதற்கு நேர்மாறான செல்வம் இருக்கிறது. கால்நடைகள் கூட்டம் கூட்டமாகச் சாகும் கொடுங்குளிரை அவர்கள் ‘சுட்’ என்பார்கள். ஆழ்ந்த பனி புல்லை மூடினால் வெள்ளை சுட். பனியே விழாமல் குடிக்க நீரில்லாமல் போனால் கருப்பு சுட். உருகிய பனி மறுபடி உறைந்து புல்மேல் தகடாய் இறுகினால் இரும்பு சுட். ஒவ்வொன்றுக்கும் மந்தையை ஓட்டிப் போக வேண்டிய திசை வேறு. 2009–10 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் அந்நாட்டில் மடிந்தன. அத்தனை சொற்கள் இருந்தும் ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டால், முந்தைய கோடையின் வறட்சி, பெருகிவிட்ட மந்தைகள், மேய்ச்சல் முறையில் வந்த மாற்றங்கள் என்று ஒரு நல்ல வகுப்பு முழுவதும் பேசலாம். நம் நூல்களில் மங்கோலியாவுக்குக் கிடைப்பது ‘ஸ்டெப்பி புல்வெளி, குளிர் பாலைவனம், யர்ட் கூடாரம்’ என்ற மூன்று சொற்கள்.

பண்பாடு எப்போதும் காக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி எழுதினால் அதுவும் பாதி உண்மைதான். ஜாவாவின் மெராபி எரிமலைக்கு யோக்யகர்த்தா அரண்மனை நியமித்த காவலர் ஒருவர் இருந்தார், எம்பா மரிஜான் என்று. மலைக்குப் படையல் வைப்பதும் அதன் மனநிலையை அறிவதும் அவர் கடமை. 2006-இல் வெளியேறச் சொன்னபோது மறுத்தார், பிழைத்தார். நாடெங்கும் புகழ் பெற்றார். 2010 அக்டோபர் 26 அன்றும் மறுத்தார். கொதிக்கும் சாம்பல் மேகம் அவர் ஊர்மேல் இறங்கியது. அவரும் இறந்தார், அங்கே தங்கியிருந்த வேறு பலரும் இறந்தார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டுப் போவது எளிது. என் வகுப்பில் அப்படிச் செய்ய நான் விடுவதில்லை. அந்தச் சரிவில் மக்கள் ஏன் திரும்பத் திரும்பக் குடியேறுகிறார்கள்? எரிமலைச் சாம்பல் தரும் வளமான மண்ணுக்காக. மலை அவர்களுக்குச் சோறு போடுகிறது. சோறு போடுவதை அஞ்சவும் வணங்கவும் செய்கிறார்கள். அதே 2010-இல் லட்சக்கணக்கானோர் சரியான நேரத்தில் இடம் மாற்றப்பட்டுப் பிழைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வங்கதேசக் கணக்கு இன்னும் வலிக்கக்கூடியது. புனல் போலக் குறுகும் வங்கக்கடலின் தலைப்பகுதி, ஆழமில்லாத கடல், தாழ்ந்த கழிமுகம்: 1970 நவம்பர் புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்ததற்கு இந்த இயற்கைக் காரணங்களை நூல்கள் நன்றாகவே விளக்குகின்றன. 1991 ஏப்ரல் 29 புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். அதில் 20 முதல் 44 வயதுக்குள் ஆண்கள் ஆயிரத்துக்கு 15 பேர் இறந்தபோது, பெண்கள் ஆயிரத்துக்கு 71 பேர் இறந்தார்கள். கடல் ஆண் பெண் பார்த்து வரவில்லை. எச்சரிக்கை ஆண்கள் கூடும் இடங்களில் ஒலித்தது. வீட்டு ஆண் வராமல் புறப்பட முடியாமல் பெண்கள் காத்திருந்தார்கள். காப்பிடங்களில் அவர்களுக்கெனத் தனி இடம் இல்லை. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, நீரில் கால்களைச் சுற்றும் புடவையோடு அவர்கள் நீந்த வேண்டியிருந்தது. பிறகு அந்த நாடு இதை மாற்ற உழைத்தது. இன்று புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில் 76,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்கள். கொடியேற்றியும் ஒலிபெருக்கியில் சொல்லியும் வீடுவீடாகப் போய்க் கதவு தட்டியும் எச்சரிக்கிறார்கள். 2007-இல் சித்ர் என்ற கடும்புயலில் இறந்தோர் சுமார் 3,400 பேர். அந்த எண்ணும் பெரிதுதான். 1970-இன் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கடலின் வடிவம் மாறாமலே எவ்வளவு மாற்ற முடிந்திருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுகொள்கிறார்கள்.

வரைபடம் தீட்டுகிறவர்கள் நீங்கள் என்பதால் கொலம்பியாவின் அர்மெரோ நகரைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. 1985 நவம்பர் 13 இரவு நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. வெடிப்பு பெரிதில்லை. ஆனால் உச்சியில் இருந்த பனியை உருக்கியது. நீரும் சாம்பலும் பாறையுமாகச் சேற்றுப்பெருக்கு பள்ளத்தாக்குகள் வழியே இறங்கி, இரண்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகமான நேரத்தில் அர்மெரோவை மூடியது. அந்தப் பேரிடரில் மொத்தம் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். அந்த ஆபத்தைக் காட்டும் வரைபடம் அதற்கு முந்தைய மாதமே தயாராகியிருந்தது. 1595-லும் 1845-லும் வந்த சேற்றின் மேல்தான் அந்த ஊர் எழுந்திருந்தது. அந்தச் சேறு தந்த வளத்தில்தான் பருத்தி விளைந்தது. மேடான நிலம் நடந்து போகும் தொலைவில் இருந்தது. அன்று பகலில் ஊர்மேல் சாம்பல் விழுந்தபோது, அமைதியாக வீட்டில் இருங்கள் என்றுதான் மக்களுக்குச் சொல்லப்பட்டது. வரைபடம் ஆபத்தைச் சரியாகக் காட்டியிருந்தும் ஊர் மக்கள் பலரிடம் போய்ச் சேரவில்லை. இந்த ஒரு நிகழ்வைப் படிக்கும்போதெல்லாம், நான் கற்பிக்கும் பாடத்தின் பயன் என்ன என்ற கேள்வி எனக்குள் எழாமல் இருந்ததில்லை.

எல்லாம் துயரம்தானா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நெதர்லாந்துக்காரர்கள் 1953 பிப்ரவரியில் 1,836 உயிர்களைக் கடலுக்குக் கொடுத்த பிறகு பெரும் அணைகள் கட்டினார்கள் என்பது நூல்களில் உண்டு. அதன்பின் நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடிக்கும்: ‘ஆற்றுக்கு இடம்’ என்ற பெயரில் சில இடங்களில் கரையைத் தாழ்த்தி வெள்ளத்தை உள்ளே வரவிட்டார்கள். ஓவர்டீப் என்ற இடத்தில் பண்ணைக் குடும்பங்கள் தாமே ஒரு யோசனை சொல்லி, உயர்ந்த மண்மேடுகள் மேல் வீட்டையும் தொழுவத்தையும் மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கரையோர மக்கள் அப்படித்தான் மேடு போட்டு வாழ்ந்தார்கள்.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு நிலப்பகுதியின் பாடத்திலும் நிலம் அங்கே என்ன செய்கிறது என்பதோடு, அங்குள்ளவர்கள் அதை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள், எப்படி வீடு கட்டினார்கள், யார் பிழைத்தார்கள், யார் பிழைக்கவில்லை, ஏன் என்பதும் வரட்டும். வினாத்தாளில் ‘பொருத்துக’ கேட்டது போதும், நிறுத்துங்கள். இரண்டு இடங்களைக் கொடுத்து, ஒரே அலை ஏன் இரண்டு விதமாக முடிந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை நீளமாக வரும், திருத்துவது கடினமாக இருக்கும், ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள். நானும் அவர்களில் ஒருத்திதான். அந்த வேலையை மனமாரச் செய்கிறேன்.

பாடத்தால் உயிர் பிழைக்குமா என்று கேட்போர் உங்கள் குழுவிலும் இருப்பார்கள். 2004-இல் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் விடுமுறைக்கு வந்திருந்த 10 வயது பிரிட்டிஷ் சிறுமி, கடல் நுரைத்து விபரீதமாக நடந்துகொள்வதைக் கண்டு சுனாமி வருகிறது என்று பெற்றோரிடம் சொன்னாள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் புவியியல் வகுப்பில் அதைப் படித்திருந்தாள். சுமார் நூறு பேர் கரையைவிட்டு விலகிப் பிழைத்தார்கள். ஜப்பானின் கமாய்ஷி நகரில் 2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்தபோது பள்ளியில் இருந்த ஏறத்தாழ 3,000 பிள்ளைகளும் உயிர் தப்பினார்கள். அங்கே உனோசுமாய் பகுதியில் இருந்த இரண்டு பள்ளிகள், அபாய வரைபடத்தின்படி அலை எட்டாத இடத்தில் இருந்தன. ‘வரைபடத்தை அப்படியே நம்பிவிடாதே’ என்று முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பெரிய பிள்ளைகள் ஓடினார்கள். சிறியவர்கள் அதைக் கண்டு அவர்கள் பின்னால் ஓடினார்கள். குறித்து வைத்திருந்த இடத்தை அடைந்தும் அங்கே நிற்காமல், இன்னும் மேலே, அதற்கும் மேலே என்று ஏறினார்கள். பள்ளிகள் இரண்டும் நீரில் மூழ்கின. வரைபடத்தைப் படிக்கவும் வேண்டும், அதன் எல்லைக்கோட்டைச் சந்தேகிக்கவும் வேண்டும் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தர முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த பதிப்புக்கு நீங்கள் உட்காரும்போது சின்ன வேண்டுகோள் இன்னொன்றும் உண்டு. என் வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சிமெலுவே தீவு ஒரு புள்ளியாகக்கூட இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் நானே பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் பெயரை எழுதியிருக்கிறேன். மை மங்கும்போதெல்லாம் பிள்ளைகள் யாராவது அதன்மேல் மறுபடி எழுதிவிடுகிறார்கள். அதை நீங்களே அச்சில் போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு புவியியல் ஆசிரியை